வெல்வார் என்றும் வெல்க என்றும்

முல்லைப்பாட்டைப் பயிற்றும் ஆசிரியர் பலரும் விரிச்சி என்னும் சொல்லுக்கு நற்சொல் கேட்டல் என்று பொருளுரைத்து அடுத்த அடிக்குச் சென்றுவிடுவர். பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாய், 103 அடிகளே கொண்ட அப்பாட்டில் நப்பூதனார் அமைத்துள்ள காட்சி சற்று நின்று நோக்கத்தக்கது. போர்மேற் சென்ற தலைவன் மீள்வானோ என்பதை அறிய முதிய மகளிர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லும் முல்லைமலரும் தூவிக் காத்து நிற்கின்றனர். அங்கே ஆயர்குல இளமகள் ஒருத்தி, தாயைக் காணாது வாடும் கன்றுக்கு, உன் தாய் வந்துவிடுவாள் என்று ஆறுதல் கூறுகின்றாள். அச்சொல்லையே தலைவன் வென்று மீள்வான் என்பதற்கு அறிகுறியாகக் கொண்டு அவர்கள் திரும்புகின்றனர்.

அந்த இளமகளுக்குப் போரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் சொல்லைப் பிறர் கேட்கின்றனர் என்பதும் தெரியாது. எவன் வெல்லவேண்டும் என்ற விருப்பம் அவள் நாவில் இல்லை. விரிச்சிக்கு மதிப்பு வந்தது அதனாலேதான். தொல்காப்பியரும் வெட்சித்திணையின்கண் விரிச்சிக்கு இடமளித்தார். எளிய மக்களின் வாய்ச்சொல்லைக் கொண்டு வருவதுணர முயல்வது நம் மரபுக்குப் புதியதன்று. ஆனால் விருப்பற்றவர் வாய்ச்சொல்லையே முன்னோர் நாடினர். இக்காலத்து வாக்காளர் தேர்தல் முடிவை முன்கூட்டி உரைப்பதைத் திறனாயப் புகுவோர்க்கு இவ்வேறுபாடு ஓர் அளவுகோலாகும்.

அவ்வளவுகோலை வைத்து நோக்குதற்கு 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் நடந்த சிங்கப்பூர் அதிபர் தேர்தலினும் ஏற்றதொன்று கிடைப்பது அரிது. வேட்பாளர் நால்வர்: டோனி டான், டான் செங் போக், டான் ஜீ சே, டான் கின் லியான். நால்வரும் டான் என்னும் குடிப்பெயரினர் ஆதலின், அடுத்த அதிபர் ஒரு டான் என்று கூறியவர் மட்டும் ஐயமின்றிப் பிழைத்தார் என்று நகைப்பதுண்டு. அந்நகைச்சுவைக்கு அப்பால் எவர்க்கும் பற்றுக்கோடு இல்லை. தேர்தல் ஆணை பிறந்த நாள்தொட்டு வாக்களிப்பு முடியும்வரை கருத்துக்கணிப்பு முடிவுகளை வெளியிடுவது இந்நாட்டில் குற்றம். வாக்களித்து வெளிவருவோரை வினவி வெளியிடுவதும் அவ்வாறே. எனவே ஏடுகள் கூறாததைக் காப்பிக்கடை கூறிற்று. சுவா சூ காங்கின் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும், தேக்காவிற்குக் காய்கறி வாங்கச் செல்வோர் ஏறும் ரயிலிலும், ஞாயிற்றுக்கிழமை உணவுக்கடையிலும் ஒவ்வொருவரும் சோதிடராயினர்.

அவர்கள் கூறிய காரணங்களை வகைப்படுத்துதற்கு மேனாட்டு நூல்களை நாடவேண்டுவதில்லை. மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் உணர்த்தும் காதையே போதும். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று கருத்தளவையின் உறுப்புகளைக் கூறும் அப்பகுதி, அவற்றுக்குரிய போலிகளையும் விரித்துரைக்கின்றது. தேர்வுக்காக அப்பட்டியலை நெட்டுருச் செய்யும் மாணவன், அதனைக் காப்பிக்கடைக்கு எடுத்துச் சென்று பார்ப்பதில்லை. கல்வியின் குறை அது, காதையின் குறையன்று.

மே மாதம் நடந்த பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சி 60.1 விழுக்காடு பெற்றது. டோனி டான் அக்கட்சியின் முன்னாள் துணைப்பிரதமர். ஆகவே அவருக்கும் அறுபது கிடைக்கும் என்றனர் சிலர். இஃது ஏதுப்போலி. டான் செங் போக்கும் 1980 முதல் 2006 வரை அதே கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராய் இருந்தவர். இருவர்க்கும் பொதுவாய் அமைந்த ஓர் ஏது, ஒருவர் வெற்றியை மட்டும் எங்ஙனம் நிறுவும்? அவ்வறுபது பிளவுபடும் என்பதை எண்ணியவர் மிகச் சிலரே.

சுவா சூ காங்கிற்கே உரிய காரணமும் ஒன்றுண்டு. அதன் வடமேற்கே, லிம் சூ காங் பக்கத்து அமா கெங் சிற்றூரில் டான் செங் போக் மருத்துவராய்த் தொழில் தொடங்கியவர். தோட்டமும் கோழிப்பண்ணையும் இருந்த அந்நாளை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர்க்கு அவர் அதிபர் வேட்பாளர் அல்லர், ஊர் வைத்தியர். எங்கள் பக்கத்தில் அவருக்கே ஆதரவு, ஆகவே நாடெங்கும் அவருக்கே என்று உரைப்பது இயல்பே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஆனால் பானை ஒன்றாய் இருந்தாலன்றோ அப்பழமொழி பலிக்கும்? அமா கெங் நினைவு, பிடோக்கிலும் தெம்பனிசிலும் வாழ்வோர்க்கு இல்லை. திட்டாந்தப்போலி என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை வகுப்பறையில் காட்டுதல் அரிது.

முடிவு வந்தபோது விடியற்காலை நான்கு மணி கடந்துவிட்டது. முதலிருவர் இடையே 2 விழுக்காட்டினும் குறைந்த வேறுபாடே இருந்தமையின் மறு எண்ணிக்கை நடந்தது. தேர்தல் அதிகாரி யாம் ஆ மீ, ஏற்ற இறக்கமற்ற தம் குரலில் எண்களைப் படித்தார். அக்குரலைக் கேலி செய்தோர் உளர். எனினும் அந்நாளில் நாடு கேட்ட குரல்களுள் விருப்பம் கலவாதது அது ஒன்றே. வேறுபாடு 7,269 என்று அறிவிக்கப்பட்டு, வெளிநாட்டு வாக்குகளும் சேர்ந்தபின் 7,382 ஆயிற்று. டோனி டான் 7,45,693. டான் செங் போக் 7,38,311. விழுக்காட்டில் 35.20, 34.85. டான் ஜீ சே நான்கில் ஒரு பங்கு பெற்றார். டான் கின் லியான் ஐந்து விழுக்காட்டைத் தொடவில்லை, வைப்புத்தொகையை இழந்தார்.

மறுநாள் அதே காப்பிக்கடைகளில், முன்பே சொன்னேன் என்று மார்தட்டினோர் பலர். திறனாய்வாளன் இங்கே கடுமை காட்டியே ஆகவேண்டும். டோனி டானுக்கு வாக்களித்தோருள் 3,692 பேர் டான் செங் போக்கின் பக்கம் திரும்பியிருப்பின் முடிவு மாறியிருக்கும். இருபத்தொரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் அஃது ஐந்நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவைக்கூட எட்டாது. அதற்கும் மேலாக, செல்லாதன என்று ஒதுக்கப்பட்ட சீட்டுகள் 37,849. வெற்றி வேறுபாட்டைப் போல் ஐந்து மடங்கினும் மிகுதி. அவற்றை இட்டவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை எக்காப்பிக்கடையும் அறிந்ததில்லை. இத்தகைய தேர்தலில் சரியாகக் கூறியவர் அறிவாளரும் அல்லர். தவறாகக் கூறியவர் பேதையரும் அல்லர். நாணயத்தைச் சுண்டியவன் பூ விழுந்தபின் தன் நுண்ணறிவைப் பாராட்டிக்கொள்வது போன்றதே அது. இருவர்க்கும் இடையே கூறல் இயலாது என்று கூறியவர் யாரேனும் இருந்திருப்பின் அவரே உண்மைக் கணிப்பாளர். அவர் பேச்சுக்கு அன்று கேட்போர் இருந்திரார்.

மக்கள் வாக்கே மகேசன் வாக்கு என்னும் தொடரை இங்கே கொண்டுவந்து பொருத்துவோரும் உளர். பெட்டியில் இட்ட வாக்குக்கு அப்பெருமை பொருந்தலாம். கீழ்த்தளத்துக் கல்மேசையில் உரைக்கும் வாக்குக்குப் பொருந்தாது.

இனி, அவர்கள் உரைத்த மொழியை இலக்கண நோக்கில் காண்போம். வெல்வார் என்பது எதிர்கால வினைமுற்று. வெல்க என்பது வியங்கோள்; வாழ்த்தலும் வேண்டலும் அதன் பொருள்களுள் அடங்கும். இரண்டையும் தனித்தனி வடிவாய் வகுத்துத் தந்தது நம் மொழி. ஆயினும் பேச்சில் வியங்கோள் ஏறத்தாழ மறைந்துவிட்டது. நம்முள் எவரும் காப்பிக்கடையில் அமர்ந்து டோனி டான் வெல்க என்று கூறுவதில்லை. வேட்கையும் வெல்வார் என்னும் வடிவையே அணிந்து வருகிறது. அதுவும் போதாதென்று விடு என்னும் துணைவினை சேர்ந்து, வென்றுவிடுவார் என்றாகின்றது. உறுதிப்பொருள் தரும் இவ்விடு, உரைப்போன் கையிலுள்ள சான்றின் அளவைக் காட்டுவதன்று. அவன் ஆசையின் அளவைக் காட்டுவது. வெல்லக்கூடும் என்பாரைக் காண்பது அருமை.

இக்குறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1932இல் ரூஸ்வெல்ட்டும் ஹூவரும் மோதிய தேர்தலை ஆராய்ந்த ஹேய்ஸ் என்பார், ரூஸ்வெல்ட்டை ஆதரித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் அவரே வெல்வார் என்றும், ஹூவரை ஆதரித்தோருள் நூற்றுக்கு எழுபத்து மூவர் ஹூவரே வெல்வார் என்றும் நம்பியதைக் கண்டார். ஹூவர் பெருந்தோல்வி அடைந்தார் என்பதை நினைவுகூர்ந்தால் அந்த எழுபத்து மூவரின் நிலை விளங்கும்.

எனினும் எளிய வாக்காளனை முற்றும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. ரோத்சைல்டு, உல்ஃபர்ஸ் என்னும் பொருளியலார் இருவர் பல்லாண்டுத் தேர்தல்களை ஒப்பிட்டு, நீர் யாருக்கு வாக்களிப்பீர் என்னும் வினாவைவிட யார் வெல்வார் என்னும் வினாவே முடிவை மிகுதியும் சரியாகச் சுட்டிற்று என்று காட்டினர். வாக்காளன் ஒருவன் தன்னை மட்டும் சுமந்து திரிவதில்லை. தன் மனைவி, உடன்பணி செய்வோர், எதிர்வீட்டார் ஆகியோரின் பேச்சையும் சுமக்கிறான். யார் வெல்வார் என வினவும்போது அவர்களும் அவன் வாய்வழி விடையளிக்கின்றனர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஒரே தளத்தில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் நாட்டில் இவ்வாற்றல் பெரிதாய் இருத்தல் வேண்டும். வாக்களித்தல் இங்குக் கட்டாயம் ஆதலின், வருவார் யார், வாரார் யார் என்று பிற நாட்டுக் கணிப்பாளரை வாட்டும் கேள்வியும் பெரிதும் இல்லை. இருந்தும் அவ்வாற்றல் தமிழ் வாக்காளரிடம் முழுதும் பயன்பட்டதா என்பதே ஐயம்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நடந்த தேர்தல் அவ்வையத்தைக் கூர்மையாக்கியது. தமிழர் வழிவந்த தர்மன் சண்முகரத்னம், இங் கொக் சொங், டான் கின் லியான் ஆகிய இருவரை எதிர்த்து நின்றார். 2011இல் விருப்பம் வெல்வார் என்னும் வேடம் பூண்டது. 2023இலோ விரும்பியவர் நாவே வெல்வார் என்று கூற அஞ்சிற்று. வெல்வாரோ என்னும் ஓகாரம் எங்கும் ஒலித்தது. மூத்த தலைமுறையினர் சீனரல்லாத பிரதமரை ஏற்க ஆயத்தமாக இல்லை என்று 2019இல் நிதியமைச்சர் ஹெங் சுவீ கியெட் பல்கலைக்கழக மேடையில் கூறியது பலர் நெஞ்சில் தங்கியிருந்தது. அயலார் நமக்கு வாக்களிப்பாரோ என்ற அச்சம், கண்முன் இருந்த சான்றை மறைத்தது. சுவா சூ காங்கிற்கு அண்டையதான ஜூரோங் குழுத்தொகுதியில் தர்மன் தலைமையிலான அணி 2015இல் 79.28 விழுக்காடும், 2020இல் 74.61 விழுக்காடும் பெற்றிருந்தது. அங்கு வாக்களித்தோருள் மிகப் பெரும்பான்மையர் சீனர். பின்னோக்கிச் சென்றால், 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயரத்தினத்தை வெல்வித்தோரும் பெரும்பாலும் சீனரே. காட்சியளவை கையிலிருக்க, அச்சத்தை அளவையாகக் கொண்டனர் நம்மவர்.

ஆசையால் பிழைத்த கணிப்பினும் அச்சத்தால் பிழைத்த கணிப்பு வருந்தத்தக்கது. முன்னது வேட்பாளரைத் தவறாக எடைபோட்டது. பின்னது நாற்பதாண்டு அடுத்த வீட்டில் வாழ்ந்து, தீபாவளிக்குப் பலகாரமும் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சும் மாற்றிக்கொண்டவரைத் தவறாக எடைபோட்டது. தாழ்வாரத்தில் நின்று அவரிடம் நேரே கேட்டிருப்பின் விடை கிடைத்திருக்கும். கேட்டவர் எத்தனை பேர்?

2011இல் இல்லாத ஒன்று 2023இல் இருந்தது. 2015ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் தேர்தல் துறை மாதிரி எண்ணிக்கையை வெளியிட்டு வருகின்றது. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் சீட்டுகளிலிருந்தும் நூற்றினை இப்பக்கம் அப்பக்கம் பாராது எடுத்து எண்ணுவது அம்முறை. எடுப்போரின் விருப்பத்திற்கு அதில் இடமில்லை. அன்றிரவு மாதிரி எண்ணிக்கை தர்மனுக்கு 70, இங் கொக் சொங்குக்கு 16, டான் கின் லியானுக்கு 14 என்று வந்தது. இறுதி முடிவில் தர்மன் பெற்றது 70.4 விழுக்காடு. நள்ளிரவுக்கு முன்பே சுவா சூ காங் காப்பிக்கடைகளில் அந்த ஓகாரத்துக்கு வேலையில்லாமற் போயிற்று.