தோட்ட ஒபிசுக்கு நாலு போர்ட் கார்ட்

1883-இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், கொரோனா ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. இன்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் செக்ரோல் எனும் சம்பளப் பதிவேடும் கொழுந்துக் கணக்கும் கணினியில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒபிஸ், ஃபெக்டரி, துரை பங்களா, வந்துபோவோரின் வைஃபை எல்லாமே ஒரே ரவுட்டரில் தொங்குவதும் உண்டு. பங்களா விருந்தாளியின் ஃபோனும் தொழிலாளர் சம்பளப் பட்டியல் இருக்கும் கணினியும் ஒரே வலையில் இருப்பது சரியல்ல.

இந்த வலையைப் பிரிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில் போகிறார்கள். கழித்துக்கட்டிய ஒரு ஒபிஸ் கணினியை எடுத்து, அதில் பிஎஃப்சென்ஸ் அல்லது ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வோல் மென்பொருளை ஏற்றி, பழைய சேர்வரில் கழற்றிய நாலு போர்ட் நெட்வேர்க் கார்ட் ஒன்றைச் செருகினால் ஃபயர்வோல் தயார். செலவு குறைவு, மென்பொருளும் இலவசம்.

கார்டைத் தெரிவுசெய்வதில் முதலில் பார்க்க வேண்டியது மேலே ஒட்டியிருக்கும் கம்பனிப் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் சிப்பை. எச்பி என்சி364டி-யின் உள்ளே இருப்பது இன்டெல் சிப். அதே எச்பியின் 331டி-யில் இருப்பது பிராட்கொம். மேலே சொன்ன இரண்டு மென்பொருள்களும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் நிற்பவை. அங்கே இன்டெல் ஐ350 நல்ல பேர் எடுத்தது. மலிவான ரியல்டெக் சிப்புகளோ சுமை கூடும்போது இணைப்பை விட்டுவிடும் என்ற புகார் நெடுநாளாக உண்டு. ஐ350-க்குக் கிராக்கி இருப்பதால் போலிகளும் சந்தையில் புழங்குகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது செருகும் இடம். எக்ஸ்4 கார்ட், பின்பக்கம் மூடிய எக்ஸ்1 துளைக்குள் இறங்காது. கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீளத் துளையில் தாராளமாக உட்காரும். ஒல்லிப் பெட்டிக் கணினி என்றால் குட்டைத் தகடு கார்டோடு வருகிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். வேகத்தைப் பற்றிப் பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒரு தடமே ஒரு திசையில் வினாடிக்கு 500 மெகாபைட் கடத்தும். தோட்டத்துக்கு வரும் 4ஜி இணைப்பு அதன் அருகில்கூட நெருங்காது.

இந்த வழக்கத்தின் உண்மையான பலம் வேறு. நாலு போர்ட்டும் நாலு வலை என்பதால் பிரிவு கண்ணுக்குத் தெரிகிறது. ஏதாவது நின்றுபோனால் கொழும்பிலிருந்து ஆள் வந்துசேரவே ஒரு நாள் போய்விடும். "மூன்றாவது துளையில் இருக்கிற வயரைக் கழற்றி மாட்டுங்கள்" என்று ஃபோனில் சொன்னால் ஒபிஸ் கிளாக்கர் செய்துவிடுவார். அதே பிரிவை ஒரே கேபிளுக்குள் செய்யும் சுவிட்சின் வி-லேன் அமைப்பை ஃபோனில் விளக்கித் திருத்த முடியாது. இதை நான் பெரிய நன்மையாகவே மதிக்கிறேன்.

பலவீனம் மலையிலிருந்தே வருகிறது. ஒபிசிலிருந்து ஃபெக்டரி சரிவில் எங்கோ கீழே இருக்கும். செப்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதைத் தேயிலை மலையூடாக வெளியே இழுத்துக் கார்டில் நேரடியாகச் செருகுகிறார்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழையோடு இடிமின்னல் வரும்போது அந்தக் கேபிள்தான் மின்னழுத்தத்தை உள்ளே கொண்டுவருகிறது. ஐ350-இல் நாலு போர்ட்டுக்கும் ஒரே சிப். ஃபெக்டரிப் பக்கக் கேபிளில் வந்த அடி ஒபிசையும் பங்களாவையும் சேர்த்தே அணைத்துவிடும். சில வேளை மதர்போர்டையும் கொண்டுபோகும். தனித்தனிக் கார்டுகள் என்றால் ஒன்றோடு போவதற்காவது வாய்ப்பு இருந்திருக்கும்.

மின்சாரக் கணக்கையும் மறக்கக் கூடாது. 50 வாட் எடுக்கும் பழைய கணினி இரவும் பகலும் ஓடினால் மாதம் 36 யூனிட். 10 வாட் சிறு பெட்டிக்கு 7 யூனிட் சொச்சம். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. ஒரே யூபிஎஸ்ஸில் எது அதிக நேரம் தாங்கும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

எல்லா வலையும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தால், உதாரணமாக ஒரு நகரப் பாடசாலையின் கணினிக்கூடம் என்றால், நாலு போர்ட் கார்ட் நல்ல தெரிவு. நாலு போர்ட்டையும் ஒன்றாக இணைத்து அதைச் சுவிட்சாக்குவது மட்டும் வேண்டாம். அந்த வேலைக்குச் சுவிட்சே மலிவு. சரிவுகளில் சிதறிக் கிடக்கும் தோட்டத்துக்கு, இரண்டு போர்ட் உள்ள அசல் கார்டும் வி-லேன் தெரிந்த ஒரு சிறிய சுவிட்சும் போதும். போர்ட் எண்ணிக்கையில் மிச்சமாகும் பணத்தில் ஒபிசுக்கும் ஃபெக்டரிக்கும் நடுவே ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வேட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்னல் ஏறி வராது.