பெரட்டுக் களமும் பயிற்சிக் கூடமும்

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் நாடகம் போடக் கிளம்பினால் முதல் கேள்வி, "யார் எழுதிக் கொடுப்பது?" என்பதுதான். பிரதி வரும், வசனம் மனப்பாடமாகும், ஒலிவாங்கியைச் சுற்றி எல்லாரும் நிற்பார்கள். உடலுக்கு வேலையே இருக்காது. பிரதி கைக்கு வரும்முன், மாணவர்களே கூடி ஒரு நாடகத்தை ஆக்கும் பயிற்சி கெடாவில் வேரூன்ற வேண்டும். அதற்கான கச்சாப்பொருள் இங்கே குவிந்து கிடக்கிறது.

முறையான நாடகக் கல்வி மலேசியாவுக்குப் புதிதில்லை. பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1970லேயே அது தொடங்கிவிட்டது. மக் யோங், வாயாங் கூலிட் போன்ற மரபுக் கலைகளை ஆழ்ந்து ஆராய்ந்த குலாம் சர்வார் யூசோப் அதற்கு அடித்தளமிட்டவர். 1994இல் தேசியக் கலைக் கழகம் வந்தது. இன்றைய அஸ்வாரா அதுதான். கிராமத்துத் திடலில் ஆடிய மலாய்க் கலைகள் இப்படிப் பல்கலைக்கழகப் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தன. தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்துக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. தமிழில் நாடகத்துக்கென்று தனித்துறை இங்கே எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

ஆனாலும் இந்தக் கெடா மண் மேடை ஏறியிருக்கிறது. 1942இல் பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபடியே ஆங்கிலத்தில் எழுதிய 'தி கார்ட்' நாடகம், 1984இல் கிருஷன் ஜித் இயக்கத்தில் அரங்கேறியது. தோட்டத்து மனிதர்களும் அவர்களுடைய உடுக்கையும் கோலாலம்பூர் மேடைக்குப் போன தருணம் அது. அந்த உடுக்கையைத் தமிழில் அடிக்கும் மாணவர் குழு ஒன்று பீடோங்கிலிருந்தே எழவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

வழி தெரியாமல் நிற்கிறோம் என்றும் சொல்ல முடியாது. இலங்கைத் தமிழர் இதில் நமக்கு வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே மேடையேற்றினார். கூத்து ஆசானான அண்ணாவியாரிடம் ஆட்டம் பயின்ற மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடுத்த தலைமுறையை உருவாக்கினார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள், க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். போர் சூழ்ந்த நாளில், தங்கள் சனங்களின் பாட்டையே நாடகமாக்கி அந்தச் சனங்கள் முன்பே ஆடிக்காட்டிய பிள்ளைகள் அவர்கள். பயிற்சியின் உச்சம் என்று நான் கருதுவது இதைத்தான்.

தமிழகத்தில் 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சே. இராமானுஜம் செய்த பணியும் பெரியவை. கிரேக்கத் துயர நாடகம் ஒன்றை நம் ஒப்பாரியோடு பிணைத்து அவர் உருவாக்கிய 'வெறியாட்டம்', எந்தக் கதையும் நம் உடலுக்குள் வர முடியும் என்று காட்டியது.

கெடாவில் எங்கே தொடங்கலாம்? பால்மரம் சீவுவதிலிருந்து தொடங்கலாம். விடியுமுன் இருட்டு, நெற்றியில் விளக்கு. கால் மரத்தைச் சுற்றி நகர, கத்தி சரிவாக இறங்கும். சீவும் பட்டை ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். கூடிப்போனால் மரம் காயப்பட்டுப் புடைத்துவிடும். இடுப்பு, முழங்கால், மணிக்கட்டு, மூச்சு நான்கும் ஒன்றாக இயங்காமல் அந்த வெட்டு விழாது. ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரர் ஒருவரைக் கூடத்துக்கு அழைத்து, அவருடைய நிற்பையும் நடையையும் ஒரு வாரம் மாணவர்கள் பழகட்டும். வாளி சுமக்கும் தோள், அடுத்த மரத்துக்கு ஓடும் கால் எல்லாம் சேர்ந்து வரும். அடுத்தது பெரட்டு, வேலைக்கு முன் பேர் கூப்பிடும் காலைக் கூட்டம். கிராணி பேர் கூப்பிட, வரிசையில் நிற்கும் ஐம்பது பேரில் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தியின் கைப்பிள்ளை ஆயாக்கொட்டகையில் அழுகிறது. இவ்வளவைக் கொடுத்தால் போதும், வசனம் தானாகப் பிறக்கும்.

வரலாறும் இருக்கிறது. 1946-47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் திரண்ட தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தோட்ட இளைஞர்களை அணிவகுக்க வைத்தது. 1947இல் போலீசாருடன் நடந்த மோதல்களில் உயிரும் போனது. சுங்கைப் பட்டாணியில் வளரும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? லயம் இடிந்து, கித்தா போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்த கதையும் எழுதப்படக் காத்திருக்கிறது. 1996இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் இரவு ஷிப்டுக்குத் தொழிற்சாலை பஸ் ஏறும் அம்மாவும் அதே கதையின் தொடர்ச்சிதான்.

ஒரு சிக்கலைப் பல்கலைக்கழகங்கள் நேர்மையாகத் தீர்க்க வேண்டும். கூட்டாக ஆக்கிய நாடகத்துக்குத் தனித்தனியே புள்ளி போடுவது எப்படி? நன்றாகப் பேசி நடித்தவனுக்கே புள்ளி போய்விடும். பாட்டியிடம் நாலு நாள் உட்கார்ந்து கதை கேட்டு வந்த மாணவி பின்தங்கிவிடுவாள். ஒவ்வொருவரும் ஒத்திகைக் குறிப்பேடு எழுத வேண்டும். எந்தக் காட்சி யாரிடமிருந்து வந்தது, எது ஏன் கழிந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். குறிப்பேட்டுக்குப் பாதிப் புள்ளியாவது ஒதுக்கலாம். முதல் அரங்கேற்றத்தையும் வளாகத்தில் வைக்காமல், கதை சொன்னவர்கள் குடியிருக்கும் தாமானின் கோயில் திடலில் வைக்கலாம். தப்பு இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லிவிடுவார்கள். திருத்திக்கொண்டு வளாகத்துக்கு வரலாம்.