"நல்லாய் வேலை செய்யிற சனம்": வன்னிக் கதைகளில் இந்திய வம்சாவளி மாணவன்

வன்னியைக் களமாகக் கொண்ட புனைவுகளை வாசிக்கும்போது ஒரு வசனம் எனக்குத் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது: "அந்தச் சனம் நல்லாய் வேலை செய்யும்." எழுதியவர் யாழ்ப்பாணத்தவராக இருக்கலாம், கிளிநொச்சியில் காணி பெற்றுக் குடியேறிய குடும்பத்தவராக இருக்கலாம், முற்போக்கு அணியில் நின்றவராகவும் இருக்கலாம். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த இந்திய வம்சாவளி மக்களை மெச்சுவதற்காகவே இது சொல்லப்படுகிறது. "தோட்டக்காட்டான்", "வடக்கத்தியான்" என்ற வசைகளை நமது விமர்சகர்கள் எப்போதோ இனங்கண்டு கண்டித்துவிட்டார்கள். இந்த மெச்சுதலோ விசாரணையின்றித் தப்பிவிடுகிறது. வசையைவிட இதுவே கூடுதலான சேதத்தைச் செய்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

இவர்கள் வன்னிக்கு வந்த கதை சுருக்கமானதல்ல. எழுபதுகளில் தோட்டங்களில் பஞ்சம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள். 1977, 1983 வன்செயல்கள். ஒவ்வொன்றும் லொறி லொறியாகச் சனத்தை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இறக்கிவிட்டது. காந்தீயம் அமைப்பின் வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டார்கள். இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டொலர், கென்ற் பண்ணைகளில் இருந்தவர்கள் 1984இல் விரட்டப்பட்டார்கள். காடு வெட்டிக் கழனியாக்குவதோடு, எல்லைக்கு வேலியாக நிற்பதும் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. பின்னாளில் அவர்களது பிள்ளைகளும் போராளிகளாகி மாண்டார்கள். அப்போது "விசுவாசமான சனம்" என்ற இன்னொரு பாராட்டும் கிடைத்தது.

1981 குடிசன மதிப்பீட்டின்படி வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்திலொருவர் "இந்தியத் தமிழர்". 2012 கணக்கெடுப்பில் அப்பிரிவு அங்கே மிகவும் சுருங்கிப்போனது. பலர் இலங்கைத் தமிழராகவே பதிந்துகொண்டார்கள். தாளில் பெயர் மாறினாலும் வாய்ப்பேச்சில் அவர்கள் "இந்தியாக்காரர்"தான். போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டம் வந்தபோது, காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்ட முடியாத இந்த "இந்தியாக்காரர்" பலருக்கு அந்த இந்திய வீடு எளிதில் கிடைக்கவில்லை. இதை ஒருவர் கதையாக எழுதினால் மிகைப்படுத்தல் என்றுதான் சொல்வோம்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். நான் முள்ளியவளைப் பக்கத்தில் 1990 ஒக்டோபர் வரை படித்தவன். பள்ளித் தோட்டம் கொத்த, கிணற்றில் தண்ணீர் அள்ள, விளையாட்டுப் போட்டிக்குக் கொட்டில் போட ஆள் வேண்டுமென்றால் ஆசிரியரின் பார்வை முதலில் பின்வாங்கிலிருந்த இந்திய வம்சாவளிப் பெடியன்களிடம்தான் போகும். அவர்களில் ஒருவன் கணக்கைச் சரியாகச் செய்தால் "இவனுக்கு எப்பிடி வந்தது?" என்ற வியப்பு. பிழைவிட்டால் "அதுகளுக்கு எங்கை படிப்பு!" சுமாராகப் படித்துச் சுமாராகச் சித்தியடையும் சாதாரண உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. எங்களுக்கும் ஓர் அச்சு தயாராக இருந்தது: "நீ கடையிலை நிக்கப்போறவன்தானே, உனக்கேன் விஞ்ஞானம்?" மண்வெட்டியும் தராசுமாக நாங்கள் ஒரே வாங்கில் இருந்தோம்.

என் பக்கத்தில் இருந்தவன் மண்வெட்டி பிடிப்பதில் படு சோம்பேறி. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்பதில் பைத்தியம். அரைகுறை ஆங்கிலத்தில் அதைத் திருப்பிச் சொல்லி எங்களைச் சிரிக்கவைப்பான். பொய்யும் சொல்வான். வன்னி பற்றி நான் வாசித்த எந்தக் கதையிலும் இப்படியொருவனைச் சந்தித்ததில்லை. அங்கே இந்திய வம்சாவளி மாணவன் வந்தால், பசித்திருப்பான். வகுப்பில் மயங்கி விழுவான். அல்லது விளக்கெண்ணெய் வெளிச்சத்தில் படித்து முதலாவதாக வந்து ஆசிரியரின் காலைத் தொடுவான். பரிதாபம் அல்லது சாதனை. மூன்றாவது கதவு இல்லை.

இந்த அச்சுகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் "நிலக்கிளி" (1973) வன்னி மண்ணை இலக்கியத்துக்குள் கொண்டுவந்த முக்கியமான நாவல். அதன் பெருமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. ஆனால் அதை வரவேற்ற வாசகப் பரப்பில் "வன்னியான் கள்ளங்கபடமற்றவன்" என்ற கருத்து ஒரு வாய்ப்பாடாகவே நிலைத்துவிட்டது. நகரத்து வாசகன் வன்னியானுக்கு வெள்ளந்தித்தனத்தைக் கொடுத்தான். வன்னியான் தன்னிடம் கூலிக்கு வந்தவனுக்கு உடல்பலத்தைக் கொடுத்தான். புத்தி என்ற பொருள் ஒவ்வொரு தடவையும் கொடுப்பவரின் கையிலேயே மிஞ்சிவிட்டது.

இதையெல்லாம் தமிழ் எழுத்தாளர்களை நோக்கி மட்டும் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நமது எழுத்தின் நிலை என்ன? வெளியேற்றம் பற்றிய நமது கதைகளில் "நல்ல தமிழ் நண்பன்" ஒருவன் தவறாமல் வருவான். பெருநாளைக்கு வட்டிலப்பம் சாப்பிடுவான், 1990இல் படலையடியில் நின்று அழுவான், கதை முடிந்துவிடும். நமக்காக அழுவதைத் தவிர அவனுக்கு வேறு வாழ்க்கை இல்லை. அவன் இந்திய வம்சாவளியாக இருந்து நான் வாசித்ததுமில்லை. நாமும் அழுவதற்கு ஊருக்குள் மதிப்புள்ளவனைத்தான் தேடியிருக்கிறோம்.

இவ்விடத்தில் ஒரு திகதியைக் குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபர் 30. ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்குபிரித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் 1964 ஒக்டோபர் 30. தற்செயல்தான். என்றாலும் ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூரும் நமது கூட்டங்களில் முதலாவதை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

புத்தளத்துக்குப் போன பின் நம்மவர் பலர் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் குறைந்த கூலிக்கு நின்றார்கள். "அகதிச் சனம் நல்லாய் வேலை செய்யும்" என்று அங்கே சொல்லப்பட்டதை என் காதாலேயே கேட்டேன். அதிலிருந்த அவமானத்தை நமது கதைகள் நன்றாகவே பதிவுசெய்திருக்கின்றன. அதே கதைகளின் பின்னோக்கிய பகுதியில் நீராவிப்பிட்டி வயல் வரும். உம்மா தேநீர் ஊற்றி அனுப்புவார். வாப்பா வரம்பில் நிற்பார். நாற்று நடுவது "தோட்டத்துச் சனம்". விட்டுவிட்டு வந்த பசுவுக்குக்கூட அந்தக் கதைகளில் ஒரு பெயர் இருக்கிறது. நாற்று நட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை.