வோல்டேஜைக் கூட்டினால் தீருமா?

ஓவர்கிளாக் செய்த கேமிங் கணினி பாதி விளையாட்டில் புளூ ஸ்கிரீன் காட்டினால், பலரும் தரும் முதல் யோசனை "வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்திப் பாரு" என்பதுதான். பல சமயம் அது பலிக்கிறது. பலிப்பதால்தான் அதைக் கறாராக எடைபோட வேண்டியிருக்கிறது.

யோசனைக்கு இயற்பியல் அடிப்படை உண்டு. வோல்டேஜ் கூடினால் டிரான்சிஸ்டர்கள் வேகமாக நிலை மாறும். அடுத்த கடிகாரத் துடிப்புக்குள் முடியாமல் பிந்திய கணக்கு நேரத்துக்கு முடிந்துவிடும். ஆனால் மின்செலவு, வேகத்தின் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்க விகிதத்திலும் ஏறுகிறது. 1.20 வோல்ட்டில் 4.2 கிகாஹெர்ட்ஸ் ஓடும் சில்லு, 4.5க்கு உயர 1.35 வோல்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கும் வேகம் 7 சதவீதம். கூடும் மின்செலவு சுமார் 36 சதவீதம். அத்தனையும் வெப்பமாகிறது. சூடு ஏறினால் சில்லு மறுபடி தடுமாறும், மறுபடி வோல்டேஜ் ஏற்றச் சொல்லும். 2011இல் வந்த இன்டெல் 2500கே புராசஸரின் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், நல்ல கூலர் இருந்தால் 4.5 வரை பலர் ஓட்டினார்கள். இன்றைய சில்லுகளில் அந்த இடைவெளியின் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே பூஸ்ட் வேகமாக எடுத்துக்கொண்டுவிட்டார். பழைய வைத்தியம் மட்டும் மாறவில்லை.

இந்தப் பழக்கத்தின் பெரிய குறை, புராசஸர்தான் குற்றவாளி என்று விசாரணைக்கு முன்பே முடிவுகட்டுவது. ரேமை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடுவதும் ஓவர்கிளாக்தான். அதுவும் இதே கிராஷைத் தரும். எல்லா அமைப்புகளையும் இயல்புநிலைக்குக் கொண்டுவந்து, கோளாறு தொடர்கிறதா என்று பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவதுதான் முறை. சலிப்பான வேலை என்பதால் தவிர்க்கிறார்கள். என் கணிப்பில் மொத்த விசாரணையிலும் இதைவிடப் பயனுள்ள படி வேறில்லை.

அடுத்து, கணினி நிலையாக ஓடுகிறதா என்று சோதிக்க பிரைம்95 வரும். மெர்சென் பகா எண்களைத் தேட எழுதப்பட்ட இந்த நிரலை நான் மதிக்கிறேன். அது சில்லைச் சுடவைப்பதோடு நிற்காமல் விடையையும் சரிபார்க்கிறது. 0.4க்குக் கீழே இருக்கவேண்டிய ரவுண்டிங் பிழை 0.5 ஆனதாக ஒரு வரி வரும். அந்தக் கணக்கைப் போட்ட வொர்க்கர் (நிரலின் ஒரு இழை) மட்டும் நின்றுவிடும். மவுஸ் நகரும், பாட்டு ஓடும், விண்டோஸுக்கு ஒன்றும் தெரியாது. கிராஷ் ஆகாமலே கணினி தப்பாகக் கணக்குப் போடும் என்பதைக் கண்ணெதிரே காட்டும் இடம் அது. கேம் சேமிப்புக் கோப்பும் வீட்டுப் புகைப்படங்களும் அதே புராசஸர் வழியாகத்தான் போகின்றன. புராசஸரையே குறிவைக்கும் சிறிய எஃப்எஃப்டி தேர்வில் தேறி, ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் பிளெண்டில் தோற்றால், சந்தேகம் ரேம் பக்கம் திரும்ப வேண்டும்.

ஆனால் "ராத்திரி முழுக்க பிரைம் ஓடியது, ஸ்டேபிள்" என்ற தீர்ப்பை ஏற்க முடியாது. அந்தத் தேர்வில் எல்லாக் கோர்களும் ஒரே சீரான முழுச் சுமையில் இருக்கின்றன. கேமில் சுமை ஏறி இறங்கும். ஏஎம்டியின் ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் வழியாக வோல்டேஜை அதிகம் குறைத்தவர்களின் கணினி சும்மா இருக்கும்போது விழுவது இதனால்தான்: சுமை குறைந்த வேளையில்தான் ஒற்றைக் கோர் உச்ச பூஸ்டைத் தொடுகிறது. ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் அதைப் பிடித்துவிடும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைப் பதியும் வீயா-லாகர் எச்சரிக்கைகளையும் பார்க்க வேண்டும். திருத்தப்பட்ட பிழை 19ஆம் எண்ணில் பதிவாகும். சில சமயம் கிராஷுக்கு முன்பே வந்துவிடும்.

இது சொந்த வீட்டுச் சங்கதி மட்டுமல்ல. நடக்கவே முடியாத கிராஷ்கள் விண்டோஸ் பிழை அறிக்கைகளில் வந்ததை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2005இல் எழுதினார். ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளையில் நிரல் விழுந்திருந்தது. நினைவகத்தையே தொடாத கட்டளை அது. விசாரித்தால், அந்தக் கணினிகளில் பல ஓவர்கிளாக் செய்யப்பட்டவை. சில உரிமையாளர்களுக்கு அதுவே தெரியாது. கடையில் அப்படியே விற்றிருந்தார்கள்.

இயல்புநிலைக்குத் திரும்பு என்ற என் வாதத்துக்கும் ஒரு சோதனை வந்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சில, ஓவர்கிளாக் இல்லாமலே கேம்களில் விழுந்தன. திரையில் வந்ததோ வீடியோ மெமரி போதவில்லை என்ற செய்தி. பழி கிராஃபிக்ஸ் கார்டு மேல் போனது. சில்லு தேவைக்கு மேல் கேட்டு வாங்கிய வோல்டேஜ் அதையே சிதைத்தது என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0x129 மைக்ரோகோட் திருத்தம் தந்தது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே சிதைந்த சில்லை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. அப்படிப்பட்ட சில்லுக்கு வோல்டேஜ் ஏற்றினால் சில நாள் ஓடும், சிதைவும் கூடவே நடக்கும். அந்தத் தலைமுறைச் சில்லு வைத்திருப்பவர் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். இயல்புநிலையிலும் கிராஷ் தொடர்ந்தால், வோல்டேஜைத் தொடாமல், வாரண்டி இருக்கும்போதே மாற்றுச் சில்லு கேட்க வேண்டும்.