படகோடு நின்றுவிடும் படங்கள்

சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடும். சிப்காட் வேலைக்கு வந்து போகிறவர்களால் நிறையும் இந்த ஊரை ஒட்டி, பெத்திக்குப்பத்தில், 1990 முதல் ஈழத்தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டு கைக்குழந்தையாக வந்தவருக்கு இன்று முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. அவருடைய பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆண்களில் பலருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. வெளியூர் வேலைக்குப் போனாலும் முகாமில் பதிவு எடுக்கும் நாளில் வந்து நிற்க வேண்டும். ஈழப் போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது என்று எழுதுகிறோம். இவர்களுக்கு எப்போது முடிந்தது? தமிழ்த் திரை போரை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று பார்க்க இந்த முகாமைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

எல்லையில் விழுந்த வீரனை நம் சினிமா மறந்ததில்லை. 1962 சீனப் போர் முடிந்த மறு ஆண்டே சிவாஜியும் சாவித்திரியும் நடித்த 'இரத்தத் திலகம்' வந்துவிட்டது. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை 2024 தீபாவளிக்கு ராஜ்குமார் பெரியசாமி 'அமரன்' ஆக்கினார். அந்தப் படத்தின் பலம் துப்பாக்கிச் சண்டைகளில் இல்லை. போன் மணிக்காகக் காத்திருக்கும் மனைவியின் கண் வழியாகக் கதையைச் சொன்னதில் இருக்கிறது.

ஆனால் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்? 1987 நவம்பர் 25-ல் யாழ்ப்பாணத்தில் இறந்தவர். இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். சென்னை சாலிகிராமத்தில், ஸ்டூடியோக்கள் நிறைந்த ஆற்காடு சாலையை ஒட்டி, அவர் பெயரில் ராணுவக் குடியிருப்பே இருக்கிறது. எத்தனையோ இயக்குநர்கள் அதைத் தினமும் கடந்து போயிருப்பார்கள். அவரைப் பற்றி ஊரறிந்த தமிழ்ப் படம் ஒன்றும் இல்லை. காரணம் ஊகிக்க முடியாததல்ல. அவர் தமிழர், எதிரே நின்றவர்களும் தமிழர்கள். அந்தப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டார்கள். ஈழத்துப் பொதுமக்களும் மாண்டார்கள். யாருக்காக அழுவது என்று தெளிவில்லாத சாவுக்கு நம் திரைக்கதையில் இடம் கிடைப்பதில்லை.

ஈழத்தைத் தொட்ட படங்களுக்கு வருவோம். 'தெனாலி'யில் (2000) கமல் ஏற்ற பாத்திரத்துக்கு எதைக் கண்டாலும் பயம். அந்தப் பயத்தின் வேர் போரில் இருக்கிறது. அரங்கம் அதைப் பார்த்துச் சிரித்தது. பாலாவின் 'நந்தா' (2001) ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கும் அகதிகளைக் காட்டியது. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இவற்றில் மிக ஆழமாகப் போனது. நிறைமாதக் கர்ப்பிணியாகக் கடல் கடந்து வரும் ஷ்யாமா, பெற்ற பெண்ணை ராமேஸ்வரத்தில் விட்டுவிட்டுக் கணவனைத் தேடித் திரும்பிவிடுகிறாள். ஒன்பது வயதில் அந்தப் பெண், அமுதா, தாயைத் தேடிப் புறப்படுகிறாள். கடைசியில், மழையில், சின்னப் பெண் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, தாயிடம் பதில் இல்லை. போர் ஒரு தாயிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த காட்சி தமிழில் இல்லை என்பேன். ஆனால் அமுதாவுக்குச் சென்னையில் ஒரு எழுத்தாளர் வீடு கிடைத்துவிட்டது. முகாமிலேயே வளர்ந்த அமுதாக்களின் கதைக்கு அந்தப் படத்தில் இடமில்லை. அதற்குப் பிறகும் அதைத் தேடிப் போனவர்கள் மிகக் குறைவு.

தடைகளையும் சொல்லியாக வேண்டும். ராஜீவ் கொலையைத் தொட்ட ஆர்.கே. செல்வமணியின் 'குற்றப்பத்திரிகை' தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டு 2007-ல்தான் வெளியானது. தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையும் வைத்து லீனா மணிமேகலை எடுத்த 'செங்கடல்' தணிக்கையில் மறுக்கப்பட்டு, தீர்ப்பாயம் போய் மீண்டது. 'மெட்ராஸ் கஃபே' (2013) இங்கே திரைக்கே வரவில்லை. சந்தோஷ் சிவனின் 'இனம்' (2014) எதிர்ப்பினால் சில நாட்களிலேயே எடுக்கப்பட்டது. ஒருபக்கம் அரசு, மறுபக்கம் நம் உணர்ச்சி. இரண்டுக்கும் நடுவே நேர்மையான படம் எடுக்க நினைப்பவர் ஒதுங்கிப்போவதில் வியப்பில்லை.

எதிர்த்தரப்பில் பிறந்த ஒரு படம் எனக்கு இன்னும் பெரிய பாடம். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997). பார்வையற்ற கிழவர் வன்னிஹாமியின் வீட்டுக்கு, ராணுவத்தில் இருந்த மகனின் சவப்பெட்டி முத்திரையோடு வருகிறது. திறக்கக் கூடாது என்பது உத்தரவு. ஊர் கூடி அடக்கம் செய்கிறது. கிழவர் மட்டும் நம்ப மறுக்கிறார். கையெழுத்துப் போட்டால் இழப்பீடு வரும். பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டலாம், மகளுக்குக் கல்யாணம் செய்யலாம். அவர் போடவில்லை. ஒருநாள் மண்வெட்டியோடு போய்த் தோண்டிப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே வாழைத்தண்டும் கல்லும். கொடி போர்த்தி, குண்டு முழங்கி அரசு நடத்தும் அஞ்சலியை ஒரு தகப்பனின் கை தடவிப் பார்த்துப் பொய்யென்று சொல்லிவிடுகிறது. இலங்கை அரசு 2000-ல் படத்தைத் தடுத்தது. உச்ச நீதிமன்றம் போய்த்தான் திரைக்கு வந்தது. சிங்களக் கிராமத்துத் தகப்பன் அவர். முள்ளிவாய்க்காலில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு இன்றும் புகைப்படத்தை ஏந்தித் தெருவில் நிற்கும் தமிழ்த் தாய்க்கும் அவருக்கும் அந்தப் பெட்டி விஷயத்தில் வேறுபாடு இல்லை.

ழாக் ஒடியாரின் 'தீபன்' (2015) கான் விழாவில் தங்கப்பனை வென்றது. எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன். முன்பின் அறியாத மூவர், இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் பிரான்ஸ் போய்ச் சேர்கிறார்கள். செத்தவர்களின் பெயரைச் சுமந்துகொண்டு உயிரோடிருப்பது எப்படி என்று கேட்ட படம் அது. பிற்பாதி வன்முறை எனக்கு ஒட்டவில்லை. முதல் அரைமணி நேரம் போதும்.

அபிஷன் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) நல்ல திருப்பம். பொருளாதார நெருக்கடியில் ராமேஸ்வரம் வரும் குடும்பம், சென்னைக் காலனியில் பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அஞ்சி வாழ்கிறது. படகு கரை தொட்ட பிறகும் கதை உண்டு என்று தமிழ்நாட்டு ரசிகர்கள் கொண்டாடினார்களே, அது நம்பிக்கை தருகிறது. ஆனாலும் அந்தக் குடும்பத்தை அன்பான அக்கம்பக்கத்தார் காப்பாற்றிவிடுகிறார்கள். முகாமில் இருப்பவர்களைக் காப்பாற்ற அக்கம்பக்கத்தார் அன்பு போதாது, குடியுரிமை வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்களுக்கு இடமில்லை.

தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். படகில் வந்த இரவை நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்ய நட்சத்திரமும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். முகாமுக்குள் கேமரா கொண்டுபோக அனுமதி வேண்டும். அதை அரசு தாராளமாகத் தர வேண்டும். கேட்டுப் போய் நிற்க வேண்டியவர்கள் நம் இளம் இயக்குநர்கள். 1990-ல் முப்பது வயதில் வந்தவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. இன்னும் பத்தாண்டு கழித்துப் போனால் கேட்பதற்கு ஆள் இருக்காது.