நிலவறையோடு முடியாத கதை

பழமையைப் பேணுதல் வேறு. பழமையை அலங்கரித்துக் காட்டுதல் வேறு. இவ்வேறுபாட்டை நாம் தெளிவாக உணர்ந்தது ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே, சின்சினாற்றி நகரின் 'ஓவர் த றைன்' என்னும் பழம்பகுதியிலே. அங்கே முற்காலப் பியர் ஆலைகளையும் அவற்றின் நிலவறைகளையும் காட்டுவதற்கு வழிகாட்டியோடு கூடிய நடைகள் நடத்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்றிற் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நூலைப் போல, நாடகத்தைப் போல, இந்நடையும் ஒரு படைப்பே. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. சொல்வதும் சொல்லாது விடுவதும் உண்டு. எனவே அதனை விமர்சித்தல் தகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியிலிருந்து வந்த குடியேறிகள் இப்பகுதியில் திரண்டனர். நகரின் மையத்திலிருந்து இங்கு வருவோர் மையாமி - ஈரி கால்வாயைக் கடக்க வேண்டியிருந்தது. அக்கால்வாயை வேடிக்கையாக றைன் நதியென்று அழைத்தனர். 'றைனுக்கு அப்பால்' என்பதே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. வந்தவர்கள் லாகர் பியர் செய்யும் தொழிலையும் உடன் கொணர்ந்தனர். லாகர் என்ற சொல்லின் ஜேர்மன் மூலம் சேமித்து வைத்தலைக் குறிக்கும். அதனை நொதிக்கச் செய்யும் மதுவம் குளிரிலேயே செவ்வனே தொழிற்படும். நொதித்த பின்னரும் வாரக்கணக்கிற் குளிரிற் கிடந்தே பியர் பக்குவமடையும். குளிரூட்டும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன், மண்ணின் ஆழமும் பனிக்கட்டியுமே அக்குளிரைத் தந்தன. ஆகவே ஆலைகளின் அடியில் வளைகூரை கொண்ட நிலவறைகள் எழுந்தன. தொழில் நுட்பத்தின் தேவை கட்டடத்தின் வடிவத்தை எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுவதில்லை. இதனை நடை நன்கு விளக்குகிறது. அதற்காக அதனைப் பாராட்டுகிறோம்.

ஆனால் அவ்வறைகளில் நாம் கேட்டவை பெரும்பாலும் முதலாளிகளின் பெயர்களே. 1853 இல் தொழில் தொடங்கிய கிறிஸ்ரியன் மொயர்லைனின் வளர்ச்சியை விரிவாகக் கூறினர். மண்ணை அகழ்ந்தவர், கல்லை அடுக்கியவர், ஈரக்குளிரில் நின்று பீப்பாய் உருட்டியவர் ஆகியோர் வெறும் 'தொழிலாளர்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிட்டனர்.

இதனினும் பெரிய குறை கதையின் முடிவிலே உள்ளது. ஜேர்மானியர் அடைந்த துன்பங்களை நடை மறைக்கவில்லை. 1855 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது குடியேறிகளை வெறுத்த கட்சியினர் அவர்களது வாக்குகளை அழித்தனர். ஜேர்மானியர் தடையரண் அமைத்துத் தம் பகுதியைக் காத்தனர். முதலாம் உலகப் போரின்போது, 1918 இல், ஜேர்மன் பெயர் தாங்கிய வீதிகளுக்கு வேறு பெயர் சூட்டப்பட்டது. பிறேமன் வீதி றிப்பப்ளிக் வீதியாயிற்று. 1919 இல் ஒகையோ மாநிலம் எட்டாம் வகுப்புக்குக் கீழே ஜேர்மன் மொழி கற்பித்தலையே சட்டத்தால் தடுத்தது. ஆசிரியராகிய நமக்கு இச்செய்தி தனியாக உறைத்தது. 1920 இல் நாடெங்கும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது; ஆலைகள் வீழ்ந்தன. அத்துடன் கதை முடிந்தது. அடுத்து நாம் கேட்டது, அண்மைக் காலத்திற் பகுதி 'புத்துயிர்' பெற்றமை பற்றியே.

இடைப்பட்ட காலத்தில் அங்கு எவரும் வாழவில்லையா? வாழ்ந்தார்கள். அப்பலாச்சிய மலைப்புறத்து ஏழை வெள்ளையர் வந்தனர். 1950 களின் பிற்பகுதியிலும் 1960 களிலும், அயலிலுள்ள வெஸ்ற் என்ட் பகுதி நெடுஞ்சாலைக்காகவும் 'புனரமைப்பு'க்காகவும் இடிக்கப்பட்டது. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட 25,000 க்கு மேற்பட்டோரிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களிற் பலர் வாடகை குறைந்த இவ்வீடுகளில் ஒதுங்கினர். இன்று நாம் வியந்து நோக்கும் செங்கற் கட்டடங்களில் விளக்கெரிய வைத்தவர்கள் இவர்களே.

2001 ஏப்ரில் 7 ஆந் திகதி, பத்தொன்பது வயதுடைய திமொதி தோமஸ் என்ற ஆயுதமற்ற கறுப்பின இளைஞன் பொலிஸ்காரர் ஒருவரால் இப்பகுதியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். அவன்மீதிருந்த பிடியாணைகள் பெரும்பாலும் சிறு போக்குவரத்துக் குற்றங்களுக்கானவை. நகரம் பல நாள் கொதித்தது. அவன் வீழ்ந்தது றிப்பப்ளிக் வீதியை அடுத்த ஒரு சந்திலே. அந்நியர் மீதுள்ள வெறுப்பினாற் பெயர் மாறிய அதே வீதி! ஒரு வீதியின் வரலாற்றில் இரு மக்களின் துயரம் இணைந்து கிடக்கிறது. பழைய துயரத்தை இரக்கத்தோடு கூறும் நடை, புதிய துயரத்தின் அருகே வாய்மூடிச் செல்வது ஏன்?

காரணம் தெளிவு. 2003 இல் பெருங் கம்பனிகளின் ஆதரவோடு தோன்றிய அபிவிருத்தி நிறுவனம் பகுதியைத் திருத்தியமைக்கத் தொடங்கியபின் வீடுகளின் விலை உயர்ந்தது. ஏழைகள் பலர் நீங்கினர். நூறாண்டுக்கு முன் மறைந்த முதலாளியின் நினைவு இச்சந்தைக்கு இடையூறன்று, அழகூட்டுவது. நேற்று வெளியேறியவரின் நினைவோ கணக்குக் கேட்கும்.

நிலவறைகளை மூடிவிடும்படி நாம் கூறவில்லை. அவை உழைப்பின் சின்னங்கள், காக்கப்பட வேண்டியவை. ஆயின் பாரம்பரியம் என்பது கட்டியவருக்கு மட்டும் உரியதன்று; அதனுள் வாழ்ந்து அதனை நிலைக்கச் செய்தவருக்கும் உரியது. அத்தனை படிகள் இறங்கி இருளுள் நம்மை அழைத்துச் செல்வோர், மேலே வந்ததும் றிப்பப்ளிக் வீதியிற் சற்று நின்று பேச வேண்டும். அப்பொழுதே அந்நடை வரலாறாகும்.