மூலநிரலோடு ஒரே களஞ்சியத்தில் வலைத்தளம்

ஒரு திறமூல மென்பொருளின் கையேட்டில் உள்ளபடியே கட்டளையைத் தட்டச்சு செய்தாலும், அப்படி ஓர் ஆப்ஷனே இல்லை என்று நிரல் கைவிரிப்பதுண்டு. நிரல் மாறியிருக்கும். வேறொரு சர்வரில், வேறொருவர் பொறுப்பில் இருக்கும் வலைப்பக்கமோ பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் திட்டத்தின் வலைப்பக்கங்களையும் மூலநிரலின் களஞ்சியத்திலேயே வைக்கும் வழக்கம் வேரூன்றியது. 2008 டிசம்பரில், களஞ்சியத்திலிருந்தே வலைத்தளத்தை வெளியிடும் கிட்ஹப் பேஜஸ் சேவை வந்ததும், திறமூலத் திட்டங்களுக்கு இது செலவில்லாத வழியாயிற்று.

இதன் பெரும்பலன் ஒரே கமிட்டில் நிரலும் விளக்கமும் சேர்ந்து மாறுவது. நிரலைச் சரிபார்ப்பவர், விளக்கம் திருத்தப்படவில்லை என்றால் அங்கேயே தடுத்து நிறுத்தலாம். ஒரு பத்தி ஏன் மாறியது என்று ஐந்து ஆண்டு கழித்தும் வரலாற்றில் தேடலாம். களஞ்சியத்தைப் படியெடுத்த ஒவ்வொருவரிடமும் தளமும் இருக்கும். திறமூலத் திட்டங்களுக்கு இடம் தந்த கூகுள் கோட் சேவை 2015இல் மூடல் அறிவிப்பு விடுத்து, 2016 ஜனவரியில் கதவடைத்தது. இப்படி ஒரு சேவை மறையும்போது நிரல் மட்டும் மிஞ்சி, அதன் விளக்கம் அழிந்துபோவது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆனால் கிட்ஹப் முதலில் தந்த ஏற்பாடு இந்தப் பலனைப் பாதிதான் தந்தது. தளத்துக்கென 'ஜிஎச்-பேஜஸ்' என்று ஒரு கிளை. நிரலின் வரலாற்றோடு அதற்குப் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. ஒரே களஞ்சியம் என்று பெயர். உள்ளே இரண்டு தனி உலகங்கள். நிரலை மாற்றியவர் அந்தக் கிளைக்குத் தாவித் தனியாக ஒரு கமிட் செய்தாக வேண்டும், பலர் செய்யவில்லை. 2016இல் முதன்மைக் கிளையின் 'டாக்ஸ்' கோப்புறையிலிருந்தே தளத்தை வெளியிடும் வசதி வந்தபோதுதான் வழக்கம் தன் நோக்கத்தை எட்டியது.

எட்டியதும் நேர்மாறான சிக்கல் முளைத்தது. முதன்மைக் கிளையில் இருப்பது இன்னும் வெளிவராத நிரல். டெபியன் லினக்ஸ் தரும் பழைய பதிப்பை வைத்திருப்பவர், தன் கணினியில் இல்லாத வசதியைப் பற்றித் தளத்தில் படிக்கிறார். முன்பு கையேடு பின்தங்கியது, இப்போது முந்திக்கொள்கிறது. பதிப்புதோறும் தனி முகவரி தருவதே இதற்கு மருந்து. ஆவணங்களை வெளியிடும் ரீட் த டாக்ஸ் சேவை அதைச் செய்கிறது. டி. ரிச்சர்ட் ஹிப் எழுதிய ஃபாசில் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி இன்னும் அழகாகச் செய்கிறது: முகவரியிலேயே பதிப்பின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பதிப்பின்போது களஞ்சியத்தில் இருந்த விளக்கப் பக்கம் வரும்.

அதே ஹிப், தாம் உருவாக்கிய எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் ஆவணங்களைத் தனிக் களஞ்சியத்தில்தான் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திணிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிரலோடு சேர்ந்து மாறுவது பயன்பாட்டுக் கையேடும் ஏபிஐ விளக்கமும். அறிவிப்புகள், நன்கொடைப் பக்கம், அறிமுகம் ஆகியவற்றின் காலக்கணக்கு வேறு. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வரும் மொழிபெயர்ப்பாளர், பெரிய நிரல் களஞ்சியத்தை இறக்கி, புல் ரிக்வெஸ்ட் அனுப்பி, நிரலுக்கான சோதனைகள் ஓடி முடியும்வரை காத்திருப்பது அநியாயம். குனு திட்டம் தன் சவானா தளத்தில் வலைப்பக்கங்களுக்கென்றே ஒரு சிவிஎஸ் களஞ்சியம் தருகிறது. கருவி பழையது, பிரித்து வைத்த எண்ணம் சரியானது.

கருவி உருவாக்கிய எச்டிஎம்எல்லைக் கமிட் செய்வதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். ஒரு வரி மாற்றத்துக்கு நூறு கோப்புகள் மாறியதாகக் காட்டினால் சரிபார்ப்பவர் கண் சோர்ந்துவிடும். படங்களும் காணொளிகளும் அதைவிடக் கேடு: இன்று நீக்கினாலும் கிட் வரலாற்றில் அவை தங்கிவிடும், புதிதாகப் படியெடுக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சுமையை இறக்கியாக வேண்டும். மூலத்தை மட்டும் களஞ்சியத்தில் வைத்து, வெளியிடும்போது பக்கங்களை உருவாக்கிக்கொள்ள இன்று வழி இருக்கிறது.

முகவரியையும் முதல் நாளே யோசிக்க வேண்டும். கிட்ஹப் பேஜஸ் தளத்துக்கு 1 ஜிபி அளவு வரம்பும், மாதம் 100 ஜிபி என்ற தளர்வான போக்குவரத்து வரம்பும் உண்டு. அவற்றைத் தாண்டினாலோ சேவையை விட்டு விலகினாலோ, கோப்புகளை எடுத்துச் செல்லலாம். நூல்களிலும் பிற தளங்களிலும் பதிந்துவிட்ட 'கிட்ஹப்.ஐஓ' இணைப்புகளை எடுத்துச் செல்ல முடியாது. திட்டத்துக்கென சொந்த டொமைன் வாங்கி அதையே முதலிலிருந்து அறிவித்தால், இடம் மாறினாலும் பழைய இணைப்புகள் வேலைசெய்யும்.